செவிக்கு ஒலி, நாவுக்கு இலக்கணம்: கதைக்காகப் பிறந்த மொழிகள்

2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் எஸ். எஸ். ராஜமௌலியின் 'பாகுபலி' திரைக்கு வந்தபோது, மகிழ்மதி நாட்டின் மீது படையெடுத்து வந்த காலகேயர் என்னும் கூட்டத்தார் பேசியது தமிழுமன்று, தெலுங்குமன்று, உலகில் வேறெங்கும் வழங்கும் மொழியுமன்று. அத்திரைப்படத்துக்கெனத் தமிழ்ப் பாடலாசிரியர் மதன் கார்க்கி ஆக்கிய கிளிக்கி என்னும் மொழியே அது. காட்டுவாசிகளாகவும் அரக்கராகவும் வருவோருக்குப் பொருளற்ற கூச்சல்களைக் கொடுத்துவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்ந்துவிடும் இந்தியத் திரைப்பட வழக்கத்தில், 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்ட ஒரு மொழியைக் கட்டி, அதைப் பகைவரின் வாயில் வைத்தது புதிய செயலாகும். அம்மொழி அச்சம் ஊட்டியதா, சிரிப்பு மூட்டியதா என்பதைப் பார்வையாளர் அன்றே சொல்லிவிட்டனர். அது எவ்வாறு கட்டப்பட்டது, அத்தகைய மொழி யாருக்காகக் கட்டப்படுகிறது என்பவையே மொழியியலின் வினாக்கள். இவ்வுரையின் பொருளும் அவையே.

புனைமொழி என்பது, ஒரு சமூகத்தின் நாவில் தலைமுறைகளாக வளர்ந்து வராமல், ஒருவரோ சிலரோ ஒலியையும் சொல்லையும் இலக்கணத்தையும் திட்டமிட்டு வகுத்து ஆக்கிய மொழியாகும். எழுத்துக்கு எழுத்து 'க'வைச் செருகிப் பிள்ளைகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விளையாட்டுப் பேச்சு புனைமொழியாகாது. 'க'வை உருவிவிட்டால் எஞ்சுவது பழைய தமிழே. குழூஉக்குறி என இலக்கணநூலார் வகைப்படுத்திய வழக்கும் அவ்வாறே: பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் நன்னூல் உரைகளில் காட்டப்படும் எடுத்துக்காட்டுகள், ஆனால் அங்கே மாறுவன சில பெயர்களே, வேற்றுமையுருபும் வினைமுற்றும் தமிழாகவே நிற்கின்றன. புனைமொழிக்கு உரிய இலக்கணம் அதற்கே உரியதாக இருக்கவேண்டும். அதனை ஆக்கும் நோக்கங்களும் ஒன்றல்ல. போலந்து நாட்டுக் கண் மருத்துவர் ஸமென்ஹோஃப் 1887இல் வெளியிட்ட எஸ்பெராந்தோ நாடுகளுக்கிடையே பொதுமொழியாக வேண்டி எழுந்தது; உதுமானியப் பேரரசின் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், முஹ்யி குல்ஷனி என்ற சூஃபி ஆக்கிய பாலைபலன் ஆன்மிக நாட்டத்தில் பிறந்து அரபெழுத்தில் எழுதப்பட்டது. கதைக்காகப் பிறக்கும் மொழிக்கு இவ்விரண்டுக்கும் இல்லாத ஒரு நிபந்தனை உண்டு: அதனைக் கேட்போருள் மிகப் பெரும்பாலோருக்கு அது ஒருபோதும் விளங்கப்போவதில்லை, எனினும் கேட்ட கணத்திலேயே இன்னார் இன்ன தன்மையர் என்று அவர்கள் உணர்ந்தாக வேண்டும்.

இதிலிருந்து ஒரு பிளவு தோன்றுகிறது. புனைமொழியின் ஒலி கேட்பவரின் செவிக்காக வகுக்கப்படுகிறது. அதன் இலக்கணமோ பேசுபவரின் நாவுக்காக வகுக்கப்படுகிறது. படம் ஓடும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒலி மட்டும் போதும். படம் முடிந்த பின்னும் மொழி உயிர்த்திருக்க வேண்டுமாயின் இலக்கணமும் சொல்வளமும் வேண்டும். இவ்விரு தேவைகளும் ஒன்றையொன்று இழுக்கும் இடத்தில்தான் புனைமொழிகளின் சிறப்பும் குறையும் வெளிப்படுகின்றன.

கிளிக்கியின் தொடக்கம் போர்க்களத்தில் இல்லை. கார்க்கி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் கணினியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், தம் பொறுப்பில் விடப்பட்ட குழந்தைகளுக்கு விளையாட்டாக ஒரு மொழியை ஆக்கத் தொடங்கினார். 'மின்' என்றால் 'நான்', அதனைத் திருப்பி 'நிம்' என்றால் 'நீ' என்பதே அதன் முதல் விதி. பொருள் எதிராகும்போது ஒலிவரிசையும் எதிராகும் இம்முறை கேட்ட மாத்திரத்தில் மனத்தில் பதிவது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் சூத்ர் என்பவர் இசைச் சுரங்களைக் கொண்டு ஆக்கிய சொல்ரெசொல் என்ற மொழியிலும் சுரவரிசையைத் திருப்பினால் எதிர்ப்பொருள் வரும். ஆனால் இயல்மொழி எதுவும், அதாவது மக்கள் வழக்கில் வளர்ந்த மொழி எதுவும், இதனைப் பொதுவிதியாகக் கொண்டதில்லை. பேச்சு காலத்தில் ஓடுவதால் செவி முன்னிருந்து பின்னாக மட்டுமே கேட்கிறது. சொல்லைத் திருப்பிப் பார்ப்பது எழுத்தைப் பார்க்கும் கண்ணின் வேலை. மேலும், இரண்டு மெல்லின ஒலிகள் இடம் மாறுவதொன்றே 'நான்', 'நீ' என்ற வேறுபாட்டைத் தாங்குமானால், வாளும் கேடயமும் மோதும் இரைச்சலில் 'நான் தாக்குகிறேன்' என்பதும் 'நீ தாக்கு' என்பதும் மயங்குவதற்கு இடமுண்டு. தமிழ் இம்மயக்கத்தை இரண்டு விதமாகத் தவிர்க்கிறது: 'நான்', 'நீ' இரண்டும் ஒரே மெய்யில் தொடங்கினாலும் உயிரால் வேறுபடுகின்றன, அதற்கு மேல் 'வந்தேன்', 'வந்தாய்' என வினைமுற்றும் இடத்தை மறுமுறை காட்டுவதால், மீன்சந்தைக் கூச்சலில் எழுவாய் காதில் விழாமற் போனாலும் யார் வந்தார் என்பது விளங்கிவிடும். ஒரே செய்தியை இரண்டிடத்தில் சொல்லும் இப்பண்பை மொழியியலார் மிகைமை என்பர். புனைமொழி ஆக்குவோர் பெரும்பாலும் சிக்கனத்தை விரும்புவதால் முதலில் வெட்டி எறிவது இம்மிகைமையைத்தான். குழந்தைகளின் விளையாட்டுக்கு 'மின்–நிம்' மிக அழகிய விதி என்பதையும் சொல்லியாக வேண்டும். அது போருக்கு அனுப்பப்பட்டது பின்னாளில்.

கிளிக்கி என்னும் பெயர், ஆங்கிலத்தில் 'கிளிக்' எனப்படும் சொடுக்கொலியை நினைவூட்டுவது. நாவின் பின்பகுதியை மேலண்ணத்தில் ஒட்டி அடைத்து, நுனியையும் அடைத்து, இடையில் அகப்பட்ட காற்றை அருகச் செய்து நுனியைச் சட்டென விடுவிக்கையில் பிறப்பது சொடுக்கொலி. காற்று வெளியே தள்ளப்படாமல் உள்ளே இழுபடுவதால் இது மற்றைய மெய்களினின்று வேறுபடும். இவ்வொலியைத் தமிழர் அறியாதவரல்லர். துயரச் செய்தி கேட்டவர் உச்சுக்கொட்டுவதும், வண்டில் மாட்டை ஓட்டுபவர் கன்னத்தோரம் நாவைச் சொடுக்குவதும் அதே ஒலிகள்தான்; தமிழில் அவை உணர்ச்சிக் குறிகளாக நிற்கின்றனவேயன்றிச் சொல்லுக்குள் எழுத்தாக நுழைவதில்லை. தென்னாப்பிரிக்காவின் ஸோஸா, ஸூலு மொழிகளிலும் கோய்கோய், சான் மக்களின் மொழிகளிலும் அவை க, த, ப போன்ற சாதாரண மெய்கள். அம்மொழிகளில் தாய் பிள்ளையைத் தாலாட்டுவதும் அவ்வொலிகளாலேயே. ஆதலால், காலகேயரைக் கரிய மேனியும் கோர முகமும் உடையோராக ஒப்பனை செய்து அவர்களின் மொழிக்கும் சொடுக்கொலியின் சாயலைக் கொடுத்தமை, உண்மை மாந்தரின் ஒலிகளைக் கொடுமையின் அடையாளமாக்கியது என்ற குறைக்கு இடமளிக்கிறது. இக்குறை நியாயமானதே; அதன் பொறுப்பு மொழியாக்கியவரைவிடக் காட்சியமைப்பையே பெரிதும் சாரும்.

சொடுக்கொலியை மெய்யாகக் கொண்ட மொழி ஆப்பிரிக்காவுக்கு வெளியே ஒன்றே ஒன்று பதிவாகியிருக்கிறது. அதுவும் ஆக்கப்பட்ட மொழியாகவே கருதப்படுகிறது என்பதும், அது வழங்கிய இடம் கார்க்கி கல்வி பயின்ற அதே குயின்ஸ்லாந்து மாநிலத்தைச் சேர்ந்த மோர்னிங்டன் தீவு என்பதும் வியப்புக்குரிய தற்செயல்கள். லார்டில் என்னும் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே, சடங்கு முடித்த ஆடவர் மட்டும் கற்றுப் பேசிய அம்மொழிக்கு டாமின் என்று பெயர். மஞ்சள் பாரை மீனின் பெயரைத் தாங்கிய தொல்கதை மாந்தன் ஒருவனே அதனை ஆக்கினான் என்பது அம்மக்களின் நம்பிக்கை. டாமினின் இலக்கண உருபுகள் லார்டில் மொழியினுடையவை. வேர்ச்சொற்களோ ஏறக்குறைய 200 மட்டுமே. லார்டிலில் பல வகையாகப் பிரிந்து நிற்கும் மூவிடப்பெயர்கள் யாவும் டாமினில் 'நான்', 'நானல்லாதது' என்னும் இரண்டுக்குள் அடங்கிவிடுகின்றன என்று அதனை ஆராய்ந்த கென் ஹேல் காட்டினார். 'மின்–நிம்' இதிலிருந்து வந்தது என்று சொல்ல ஆதாரம் எதுவுமில்லை. மொழியைச் சுருக்கிக் கட்ட முற்படும் மனித மனம், தொல்குடிச் சடங்கிலும் திரைப்படக் கூடத்திலும் ஒரே இடத்திலிருந்து, தன்னையும் பிறரையும் பிரிப்பதிலிருந்து, தொடங்குகிறது என்ற அளவில் நின்றுகொள்ளலாம். மிஷன் நிர்வாகத்தில் சடங்குகள் தடைப்பட்டதோடு டாமினும் வழக்கொழிந்தது.

எந்த ஒலியும் பிறப்பிலேயே கொடியதன்று என்பது மொழியியலின் அடிப்படை. எனினும் கதைசொல்லிகள் செவியின் பழக்கத்தை நம்பியே மொழியை வகுக்கின்றனர். 'த லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' கதைத்தொடரை எழுதிய டோல்கீன், மொழி படைப்பதைத் தம் இரகசியப் பலவீனம் என்று 1931ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் அறிமுகப்படுத்தியவர். அவர் ஃபின்னிய மொழியின் இனிமையில் ஈடுபட்டு அதன் சாயலில் குவென்யாவையும், வேல்ஸ் மொழியின் சாயலில் சிந்தாரினையும் நல்லோருக்கு அளித்து, தீயோருக்கு முரட்டு மெய்கள் அடுக்கிய வேறொரு மொழியை வைத்தார். 2011இல் தொடங்கிய 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரில், குதிரையேறிக் கொள்ளையிடும் நாடோடிக் கூட்டத்துக்காக டேவிட் பீட்டர்சன் ஆக்கிய டொத்ராக்கி, ஆங்கிலம் கேட்டுப் பழகிய செவிக்கு அரபி போல ஒலிப்பதாகப் பலரும் சொன்னார்கள். அரபியை அறியாதவருக்கே அது அரபியாகத் தோன்றும் என்ற கருத்தை அவரே தெரிவித்திருக்கிறார். ஐன் போன்ற, தொண்டையின் நடுவிலிருந்து எழும் அரபியின் தனி அடையாளமான ஒலிகள் அதில் இல்லை. இங்கு கவனிக்கத்தக்கது செவியின் பழக்கமே. மேற்குத் திரையில் தொண்டையொலி வாளேந்தியவனின் வருகையை அறிவிக்கிறது. இலங்கையின் அம்பாறைக் கரையோரத்தில், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் அதே ஒலிகளைச் செவி முதன்முதலில் கேட்பது பாங்கிலும் ஓதலிலும் துஆவிலும் ஆகும். அரபெழுத்துகளில் ஒரே காஃப், ஒரே ஃகா. கேட்கும் ஊர் மாற அதன் குணமும் மாறிவிடுகிறது.

கிளிங்கன் மொழியின் ஒலியமைப்பு இதனை இன்னும் தெளிவாகக் காட்டும். 'ஸ்டார் ட்ரெக்' கதைகளில் வரும் போர்க்குணமுள்ள வேற்றுக்கிரகத்தாரின் மொழியான இதன் முதற் சில சொற்களை 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்துக்காக நடிகர் ஜேம்ஸ் டூஹன் உச்சரித்துக் காட்டினார். 1984இல் வெளிவந்த மூன்றாம் படத்துக்காக, கலிஃபோர்னியப் பழங்குடி மொழியொன்றை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற மார்க் ஒக்ராண்ட் அதனை முழுமொழியாக வளர்த்தார். அதன் அகராதி 1985இல் அச்சேறியது. இயல்மொழிகளின் ஒலிகள் ஒழுங்காக இணைசேர்ந்து நிற்கும்: தமிழில் க–ங, ச–ஞ, ட–ண, த–ந, ப–ம, ற–ன என ஒவ்வொரு வல்லினத்துக்கும் ஓர் இனமெல்லினம் இருப்பது அவ்வொழுங்கின் அழகிய சான்று. ஒக்ராண்ட் வேண்டுமென்றே இவ்வொழுங்கைக் குலைத்தார். கிளிங்கனில் நுனிநாவால் பிறக்கும் 'த' சாயல் ஒலிக்கு அதிர்வுடைய இணை இல்லை. அதற்குப் பதிலாக நாவை மேல்வளைத்துப் பிறக்கும் 'ட' சாயல் ஒலி மட்டும் அதிர்வோடு நிற்கிறது. மிகச் சாதாரணமான ககரமோ அறவே இல்லை. அமெரிக்க நாவுக்கு இம்மொழி கடினம். அம்பாறைக் கரையோர முஸ்லிம் பிள்ளைக்கோ நிலைமை வேறு. வளைநாவொலி அப்பிள்ளைக்குத் தாய்மொழியிலேயே வாய்த்தது. உள்நாக்கருகில் பிறக்கும் காஃப், உரசொலிகளான ஃகா, கைன், குரல்வளையை ஒருகணம் அடைத்து விடும் ஹம்ஸா ஆகியவற்றைக் குர்ஆன் மத்ரஸாவில் மக்ரஜ் திருத்தி, அதாவது எழுத்துப் பிறக்கும் இடத்தைச் சரிபார்த்து, தஜ்வீத் என்னும் ஓதல் முறைப்படி அது பயின்றிருக்கும். கிளிங்கனின் கடின ஒலிகளுள் நாவின் பக்கத்தால் காற்றைச் சீறவிடும் ஒன்றும், காஃபையும் ஃகாவையும் ஒரே மூச்சில் இணைக்கும் இன்னொன்றுமே அப்பிள்ளைக்குப் புதியவை. தொல்காப்பியத்தின் பிறப்பியலும், 8ஆம் நூற்றாண்டின் அரபிலக்கண ஆசான் சீபவைஹியின் மக்ரஜ் விளக்கமும் ஒரே வாயில் சந்திக்கும் ஊர்களில், விண்வெளி வீரரின் மொழி பாதியளவு உள்ளூர் மொழியாகிவிடுகிறது.

இலக்கணத்திலும் இதே கதைதான். ஆங்கிலத்துக்கு அந்நியமாக இருக்கவேண்டும் என்று தேடி எடுக்கப்படும் கூறுகள் பல தமிழுக்குச் சொந்தமானவை. கிளிங்கனில் பன்மை விகுதி மூன்று: மொழி பேசவல்ல உயிர்களுக்கு ஒன்று, உடலுறுப்புகளுக்கு ஒன்று, ஏனையவற்றுக்கு ஒன்று. உயர்திணை, அஃறிணைப் பாகுபாட்டோடு சொல்லதிகாரத்தைத் தொடங்கும் மரபில் வந்தவருக்கு இதில் திகைக்க எதுவுமில்லை. நன்னூல் மக்கள், தேவர், நரகர் என எண்ணி வரையறுக்க, ஒக்ராண்ட் பேச்சாற்றலை அளவுகோலாக்கினார் என்பதே வேறுபாடு. (அவ்வளவுகோலின்படி கதைகளில் வரும் பேசும் கிளி உயர்திணையாகிவிடும், தமிழில் அது எத்தனை கதை சொன்னாலும் 'சொன்னது' தான்.) எண்ணிக்கை வெளிப்படையாக இருந்தால் பன்மை விகுதியை விட்டுவிடலாம் என்பது கிளிங்கன் விதி, 'நாலு மாடு வந்தது' என்பது தமிழ் வழக்கு. செயப்படுபொருள், வினை, எழுவாய் என்ற வரிசையை உலக மொழிகளில் மிக அரிது என்பதற்காகவே ஒக்ராண்ட் தேர்ந்தார். அமேசான் பகுதியின் ஹிஷ்கரியானா மொழியில் அவ்வரிசை இயல்பானது என்று 1977இல்தான் மொழியியலாளர் டெர்பிஷயர் காட்டியிருந்தார். தமிழில் அது அடிப்படை வரிசையன்று. ஆயினும் வேற்றுமையுருபு காவலாக இருப்பதால் 'மீனை வாங்கிட்டாரு வாப்பா' என்று வீட்டில் எவரும் சொல்லலாம், பொருளும் மயங்காது.

2009இல் வந்த 'அவதார்' படத்தின் நாவி மொழியில் பால் ஃப்ரோமர், கேட்பவரை உட்படுத்தும் 'நாம்' என்பதற்கும் விலக்கும் 'நாங்கள்' என்பதற்கும் வேறு வேறு சொற்களை அமைத்தார். ஆங்கிலேயருக்கு நுட்பமாகத் தோன்றும் இவ்வேறுபாட்டைத் தமிழ்ப் பிள்ளை பள்ளிக்குப் போகும் முன்பே பிழையின்றிக் கையாளும். நாவியில் தமிழருக்கு உண்மையிலேயே புதியது வினையின் நடுவே நுழையும் உருபு: 'தாரொன்' என்றால் வேட்டையாடுதல், அதனுள் 'ஒல்' புகுந்து 'தொலாரொன்' ஆனால் வேட்டையாடி முடித்தல். தமிழ் இறுதியில் ஒட்டிக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழி. சொல்லின் வயிற்றுக்குள் அது கைவைப்பதில்லை. அரபியில் 'ஆலிம்' பன்மையில் 'உலமா' ஆவதுபோன்ற உள்மாற்றத்துக்குப் பழகிய காது இதனையும் சீக்கிரம் ஏற்றுக்கொள்ளும்.

பேசுபவரின் பக்கத்தில் புனைமொழிகள் தடுமாறுவது சொல்வளத்தில்தான். அமெரிக்க மொழியியலாளர் ஒருவர் தம் மகனுடன் அவன் மழலைப் பருவத்தில் சில ஆண்டுகள் கிளிங்கனில் மட்டுமே பேசினார். தாய் ஆங்கிலத்தில் பேசினார். போருக்கும் கப்பலுக்கும் சொல்லிருந்த அம்மொழியில் வீட்டுப் பொருள்கள் பலவற்றுக்குச் சொல்லில்லை. பிள்ளை வளர்ந்தபோது அம்மொழியைக் கைவிட்டது. இக்குறையை அம்பாறைக் கரையோரம் நன்கு உணரும். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சியில் முன்னின்று உழைத்தது, ஈராயிரம் ஆண்டு இலக்கியமுள்ள மொழிக்கே அறிவியல் வகுப்பறையில் சொல் போதாமையால்தான். எழுத்திலும் இத்தகைய போதாமை நேர்ந்ததுண்டு: தமிழைத் தம் மார்க்கக் கல்விக்கு ஏற்ப அரபெழுத்தில் எழுத முற்பட்ட முஸ்லிம்கள், அரபியில் இல்லாத ட, ண, ள, ப போன்ற ஒலிகளுக்காகப் பழைய எழுத்துகளில் புள்ளியும் குறியும் கூட்டிப் புதியன படைத்தனர். அரபுத் தமிழ் எனப்படும் அவ்வெழுத்து, கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோரின் நூல்கள் வழியாக இலங்கைக் கரைகளிலும் வீடுகளுக்குள், குறிப்பாகப் பெண்களிடையே, படிக்கப்பட்டது. அது புனைமொழியன்று, புனைந்த எழுத்து. ஆனால் அதனைத் தாங்கியது ஓத விரும்பிய மக்களின் தேவை.

கிளிக்கியும் பேசுபவரைத் தேடி வெளியே வந்தது. 2020 பெப்ரவரி 21இல், அனைத்துலகத் தாய்மொழி நாளன்று, கார்க்கி அதற்கென எழுத்து வடிவத்தையும் கற்கும் வசதியையும் பொதுமக்களுக்காக இணையத்தில் வெளியிட்டார். 1952இல் வங்கமொழிக்காக டாக்காவில் உயிர்நீத்தோரை நினைவுகூரும் நாளில், எவருக்கும் தாய்மொழியல்லாத ஒன்றை வெளியிட்டமை துணிச்சலா பொருத்தமின்மையா என்பதில் கருத்து வேறுபடலாம். மொழியியல் நோக்கில் முக்கியமானது வேறு: திரையில் அச்சுறுத்துவதற்காக வளர்க்கப்பட்ட மொழி, எவரும் எளிதில் கற்கத்தக்க நட்பு மொழியாக உருமாற்றப்பட்டது. செவிக்காக ஆக்கியது நாவின் பக்கம் நகர்த்தப்பட்டது.

அவ்வாறு நகரும் மொழி யாருடையது என்ற வழக்கும் எழுந்திருக்கிறது. 2015 டிசம்பரில் பாரமவுண்ட், சிபிஎஸ் நிறுவனங்கள், இரசிகர்கள் நிதி திரட்டி எடுத்த ஒரு 'ஸ்டார் ட்ரெக்' படத்தின் மீது கலிஃபோர்னியாவில் தொடுத்த பதிப்புரிமை வழக்கில், தமக்குரியவை என அடுக்கிய பட்டியலில் கிளிங்கன் மொழியையும் சேர்த்தன. புனைமொழி ஆக்குவோரின் சங்கம் 2016இல் நீதிமன்றத்துக்கு ஒரு மனுவை அளித்து, அகராதியும் வசனமும் ஒருவரின் ஆக்கமாகலாம், ஆனால் பிறர் அவற்றைக் கற்றுத் தாமே அமைக்கும் வாக்கியங்கள் அவருக்குச் சொந்தமாகா என்று வாதிட்டது. மனுவின் சில பகுதிகள் கிளிங்கனிலேயே எழுதப்பட்டிருந்தன. நீதிபதி அவ்வினாவுக்குள் இறங்கவில்லை. 2017 ஜனவரியில் இருதரப்பும் இணக்கத்துக்கு வந்து வழக்கு முடிந்தது. மொழிக்கு உரிமையாளர் உண்டா என்பது தீர்ப்பின்றியே நின்றுவிட்டது.